மூன்றாம் தரம் கூப்பிட்டேன்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களுக்கு என் போனைத் தருகிறேன். அதில் நான்கு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாளையும் நேரத்தையும் நான் எழுதவில்லை, போனே போட்டிருக்கிறது. எனக்கு வயது எழுபத்திரண்டு. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. காதில் மட்டும் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

போன ஆவணி மாதம் நடந்தது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. நாவல் எழுதுகிறவள். ஒரே நாவலைப் பதினொரு வருடமாக எழுதுகிறவள் என்று சொன்னால்தான் சரி. ஆறு தரம் தலையிலிருந்து கால்வரை திருத்தி எழுதிவிட்டேன். ஆறு தரமும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

கதை இதுதான். நாட்டின் தெற்கே கடை வைத்திருக்கும் ஒருவர் பல மாதங்களுக்குப் பிறகு ஓர் இரவில் எங்கள் தீவிலுள்ள வீட்டுக்குத் திரும்புகிறார். வாசலில் நின்று மனைவியைக் கூப்பிடுகிறார். "இஞ்சேரும்... நான்தான்." உள்ளே அவள் விழித்திருக்கிறாள். என்ன பதில் சொல்லுகிறாள்?

அதுதான் எனக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். ஆட்கள் காதுக்குள் கதைப்பார்கள், நான் எழுதுவேன். முகம்கூடப் பிறகுதான் தெரியும். இந்த மனுசி மட்டும் வாயே திறக்கவில்லை. நானாக அவளுக்குப் பேச்சுக் கட்டினேன். "வந்திட்டியளே", "ஆரது", "இவ்வளவு நாளும் எங்கை போனனீங்கள்". எல்லாம் பொய். வாசிக்க எனக்கே எரிச்சல் வந்தது.

யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்து என் புத்தகங்களைப் போடுகிறவர் தியாகலிங்கம். ஞாயிறு காலை எனக்குப் போன் எடுத்தார்.

"ரீச்சர், வெள்ளிக்கிழமை கையிலை தாங்கோ. இல்லாட்டி விடுங்கோ."

"விடுறதெண்டால்?"

"எழுதாமல் விடுறது. உலகத்திலை கனபேர் அதைத்தானே செய்யினம்."

"நக்கலோ?"

"இல்லை ரீச்சர். ஏழாந்தரம் எழுதினால் நீங்கள் தாங்கமாட்டியள். நான் கட்டாயம் தாங்கமாட்டன்."

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூட வந்தது. நாலு நாள் பார்ப்பது, அதற்குள் அவள் பேசாவிட்டால் ஆறு கட்டுத் தாளையும் அடுப்புக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தேன்.

வேலணையில் மகளின் வீட்டிலிருந்து எழுத முடியாது. ரீவி, மிக்சி, பேரப்பிள்ளைகளின் சண்டை. காலமான என் கணவரின் சிநேகிதர் செல்வரத்தினத்தார் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறார். புங்குடுதீவில் அவருடைய வீடு சும்மா கிடக்கிறது. "போய் இருந்து எழுதுங்கோ" என்று எப்போதோ சொல்லியிருந்தார். காலை பஸ்ஸில் போய், பின்னேரம் நாலரை பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு.

வீட்டுப் பூட்டின் திறப்பு எதிர்வீட்டு லோஜனாவிடம் இருந்தது. கலியாணம் முடித்து அந்த ஊருக்கு வந்தவள்.

"முன்கதவு உள்ளுக்காலை கொண்டி போட்டுக் கிடக்கு அன்ரி. நான் வந்த நாளிலையிருந்து திறந்து காணேல்லை. பின்னாலை குசினிக் கதவாலை போய் வாங்கோ."

"ஏன் திறக்கிறேல்லை?"

"ஆருக்குத் தெரியும்? இந்த ஊரிலை மூடிக் கிடக்கிற கதவுகளை எண்ண வெளிக்கிட்டால் பொழுது பட்டிடும்."

முன் விறாந்தையில் மேசையும் கதிரையும் போட்டுத் தந்தாள். என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கதவு.

நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். காட்சியை வாய்விட்டு வாசித்துப் போனில் பதிவேன். பேசாத ஆளின் முறை வரும்போது வாயை மூடி, மனதுக்குள் இருபது எண்ணுவேன். பிறகு போட்டுக் கேட்பேன். அந்த வெறும் இடத்தில் பெரும்பாலும் பேச்சு வந்து விழும். என் காதுக்குள்தான். போனுக்குள் இல்லை.

திங்கள், காலை 11.20. கணவனாக வாசித்தேன். "இஞ்சேரும்... நான்தான்." இரண்டு தரம். இருபது எண்ணினேன். நிறுத்தினேன்.

போட்டுக் கேட்டேன். வெறும் இடம். தூரத்தில் காகம். பிறகு... இன்னும் வெறும் இடம். நேரத்தைப் பார்த்தேன். வெறும் இடம் மட்டும் முப்பத்தாறு விநாடி. இழுத்து எண்ணியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய், 11.45. இந்த முறை மணிக்கூட்டைப் பார்த்துச் சரியாக இருபது விநாடி விட்டேன். பதிவில் ஐம்பத்தெட்டு.

போனைத் தட்டினேன். திட்டினேன். "பழசு, மாத்துங்கோ மாமி" என்று மருமகன் சொல்லிச் சலித்த போன் அது. திரும்பப் போட்டேன். நாற்பத்தோராவது விநாடியில் ஒரு சத்தம். கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

என் கையில் வளையல் இல்லை.

புதன், 12.10. காற்று இல்லை. வெயில் மட்டும். பதிவில் வெறும் இடம் ஒன்றரை நிமிடம். அதற்குள் மூச்சு. கதவோடு ஒட்டி நின்று ஒருவர் மூச்சை அடக்கி, அடக்கி விடுவதுபோல... பிறகு பெண் குரல். மெல்ல.

"இன்னொருக்கால்..."

அவ்வளவுதான்.

போனைத் தூக்கிக்கொண்டு லோஜனாவிடம் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். காதைச் சரித்துக் கேட்டாள்.

"உங்கட குரல்தான் கேக்குது அன்ரி. வேறை ஒண்டும் இல்லை. அதுசரி, அந்த ஆள் ஏன் ரெண்டு தரத்தோடை நிப்பாட்டுறார்?"

"ஏன், ரெண்டு தரம் காணாதே?"

"ராவிலை வாசல்லை ஆர் கூப்பிட்டாலும் மூண்டாந்தரத்துக்குத்தானே குரல் குடுக்கிறது? பேயெண்டால் ரெண்டோடை போயிடும். உங்கட அம்மா சொல்லித்தரேல்லையோ?"

அம்மா சொல்லித் தந்தவதான். அந்த அத்தியாயத்தைத் தொடங்கியபோது மூன்று தரம் கூப்பிடுவதாகத்தான் நானும் எழுதினேன். அவளுடைய பதிலுக்கு வருமுன்னரே தாளைத் தியாகலிங்கம் பார்த்துவிட்டார். "ஒரே வரி மூண்டு தரம் ஏன் ரீச்சர்? ஒண்டை வெட்டுவம்." வெட்டினேன். இரண்டு தரத்தில் எந்தத் தீவுப் பெண் பதில் சொல்லுவாள்? பதினொரு வருடம்! ஒரு வரி! சுவரில் தலையை மோதலாம் போல இருந்தது.

அந்தக் குரலைப் பற்றி நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. குரல் கேட்பது எனக்குப் பழக்கம். என் மூளை முழுக்க ஆத்திரம்தான் இருந்தது.

வியாழன், 12.40. பதிவைத் தொடங்கினேன்.

"இஞ்சேரும்... நான்தான்."

இருபது எண்ணினேன்.

"இஞ்சேரும்... நான்தான்."

இருபது.

மூன்றாம் தரம் சத்தமாகவே கூப்பிட்டேன். இத்தனை வருட எரிச்சலும் அதில் இருந்தது.

"இஞ்சேரும்! நான்தான்! கதவைத் திறவும்!"

காகங்கள் கத்துவதை நிறுத்தின.

எதிர்வீட்டு ரேடியோவும் நின்றது.

12.43.

முதுகுக்குப் பின்னால்... கிரீச்...

கொண்டி தூக்கப்படும் சத்தம்.

திரும்ப நினைத்தேன். கழுத்துத் திரும்பவில்லை.

பிடரியில் குளிர். பூட்டிக் கிடந்த அறையின் மணம்.

"வாங்கோ..."

போனில் இல்லை. என் பின்னால்.

அதே நேரம் எனக்கு முன்னால் தெருவாசல் படலை திறந்தது.

ஆள் இல்லை.

முற்றத்துச் சருகு நொறுங்கியது. சரக்... சரக்... சரக்...

படியில் ஏறியது.

மேசைக்குப் பக்கத்தால் போனது. தாள்கள் எழும்பி விழுந்தன.

உள்ளே போனது.

கதவு சாத்தியது.

டக்.

கொண்டி.

12.45.

ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாடியது. அதன் பிறகுதான் என் கழுத்துத் திரும்பியது. கதவு மூடியே இருந்தது. இரண்டு பலகைக்கும் நடுவில் கட்டியிருந்த சிலந்திவலை அறுந்திருக்கவில்லை.

அரை மணித்தியாலம் அந்தச் சிலந்திவலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோசம் வந்தது. அவர் வந்துவிட்டார். அவள் திறந்துவிட்டாள். இதற்குத்தானே இவ்வளவு காலமும் பாடுபட்டேன்? மூன்றாம் தரக் கூப்பாட்டைச் சேர்த்தேன். அவளுடைய "வாங்கோ"வை எழுதினேன். மிச்சம் ஓடி வந்தது. வெள்ளி காலை பத்து மணிக்குத் தாள்கட்டைத் தியாகலிங்கத்தின் மேசையில் வைத்தேன்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்பாடா. இருங்கோ ரீச்சர், தேத்தண்ணி சொல்லுறன். இதுக்குள்ளை மனம் மாறிப் போயிடாதையுங்கோ."

ஞாயிறு பின்னேரம் 6.30க்கு ரொறன்ரோவிலிருந்து செல்வரத்தினத்தார் போன் எடுத்தார். வீட்டுக்கு நன்றி சொன்னேன். என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். கடைக்காரர், இரவு, வாசல், மனைவி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் இடைமறித்தார்.

"ரீச்சர், இந்தக் கதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கட்டினது."

"இது எங்கட சின்னம்மாவின்ரை கதையெல்லோ. கமலாதேவி எண்டு பேர். அந்த வீட்டிலைதான் இருந்தவ. சித்தப்பாவுக்குத் தெற்கே காலி எண்ட ஊரிலை கடை. அறுபத்தெட்டிலை ஒருநாள் ராவு, எட்டு மணி பத்து நிமிசத்துக்கு, வாசல்லை அவரின்ரை குரல் கேட்டது. ரெண்டு தரம். சின்னம்மா கொண்டியிலை கையை வைச்சபடி மூண்டாந்தரத்துக்குப் பாத்துக்கொண்டு நிண்டவ. கூப்பிடேல்லை."

"பிறகு?"

"விடியப் பாத்தால் ஆள் இல்லை. 'இன்னொருக்கால் கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பன்' எண்டு சாகுமட்டும் சொல்லிச் சொல்லி அழுதவ. நாங்கள் எவ்வளவு சொல்லியும் நம்பேல்லை."

"என்ன சொன்னனீங்கள்?"

"அது சித்தப்பா இல்லையெண்டு. அவர் ஊருக்கு வாற வழியிலை, அண்டைக்குப் பின்னேரம் மூண்டரைக்கே, ரெயிலுக்குள்ளை நெஞ்சுநோவிலை செத்துப் போனார். விடியத்தான் தந்தி வந்தது."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவர் தொடர்ந்தார்.

"அந்தக் கதவை அதோடை மூடினதுதான். வந்தது என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது... ரீச்சர்? லைனிலை நிக்கிறியளோ?"

"ஓம்."

"நீங்கள் அங்கை இருந்து மூண்டாந்தரம் கூப்பிடேல்லைத்தானே?"

6.52க்குப் போனை வைத்தேன். 6.53க்குத் தியாகலிங்கத்துக்கு எடுத்தேன்.

"அச்சை நிப்பாட்டும்."

"என்ன ரீச்சர், விளையாடுறியளோ? பக்கமெல்லாம் போட்டாச்சு."

"அவள் கதவைத் திறக்கக் கூடாது. அதை மாத்தோணும்."

"ஏழாந்தரமோ?"

"ஏழாந்தரம்."

பெருமூச்சு விட்டார். "எப்ப முடிப்பியள்?"

"உள்ளுக்குப் போனது வெளியாலை வந்தாப்பிறகு."

நாவலைப் பற்றிச் சொல்லுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

எழுதுவதா விடுவதா என்று போன ஆவணிவரை யோசித்தேன். இப்போது யோசிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் காட்சியை எழுதுகிறேன். அவளோடு உள்ளே இருப்பதை வெளியே கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்கு அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

அது அவளுடைய கணவன் இல்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.