தட்டிப் பார்த்த ஜாடி

பெண்ணாடத்தில் இருக்கும் மகளோடு போய்விடுவது என்று முடிவான பிறகு, அக்கா போன மாதம் என்னை வரச் சொன்னாள். உப்பு போட்டு வைத்திருந்த பழுப்பு ஜாடியைக் கழுவித் துடைத்து என்னிடம் நீட்டினாள். "நீதான அவரு கூட இருந்த. நீயே வச்சுக்கோடா." வாங்கக் கை வரவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அது அக்காவின் கணவர், என் மாமா, தன் கையால் செய்தது. விருத்தாசலத்தில் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் அவர் சூளை மேஸ்திரி. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு சாமானையும் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பது அங்கே என் வேலை. கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று அர்த்தம். முதலாளி வீட்டுக்கென்று செய்ததையே உடைசல் குவியலில் வீசியவன் நான். "உனக்குப் பொண்ணு பார்த்தா அதையும் தட்டிப் பார்ப்படா நீ" என்று மாமா கிண்டல் செய்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனியில், பட்டறைக்கு வேண்டிய வெள்ளைக் கல்லைப் பார்த்துவர முதலாளி எங்கள் இருவரையும் ராஜஸ்தானுக்கு அனுப்பினார். அந்தப் பயணத்தில் தண்ணீர் எடுத்துப் போகவென்றே மாமா, பல வருஷமாகத் தொடாத சக்கரத்தில் உட்கார்ந்து இந்த ஜாடியைச் செய்தார். மூடியில் அக்கா பெயரின் முதலெழுத்தைக் கீறியிருந்தார். கிளம்புகிற அன்று காலை, அக்காவை வைத்துக்கொண்டே, "தட்டிப் பாரு மச்சான்" என்றார். தட்டினேன். டொக்கென்றது. சந்தேகமே இல்லை. அவரோ பரீட்சை மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்குது மாமா" என்றேன். ஒரு ஜாடிதானே என்று நினைத்தேன்.

அங்கே கல் வெட்டுகிறவர்கள், பாலையின் நடுவில் தனியாக நின்ற ஒரு மலையைக் காட்டி, உச்சியில் பாறைக்குள் வெள்ளைக் கல் நரம்பு மாதிரி ஓடுகிறது என்றார்கள். போய்வர ஒரு பகல் ஆகும். இன்னும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும்படி சைகை காட்டினார்கள். "சூளை வாயில நிக்கறவனுக்கு இந்த வெயிலு என்னா பண்ணும்?" என்று மாமா சிரித்தார். ஜாடியைச் சுற்றிச் சாக்கைத் தைத்து, தண்ணீர் சில்லென்று இருக்க அதை நனைத்து, முதுகில் கட்டிக்கொண்டார். மரம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏறும்போது இருமுறை சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. காலையில் நனைத்த ஈரம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வெயிலில் அது எப்போதோ காய்ந்திருக்க வேண்டும்.

உச்சியில் கல் இருந்தது. மாமா ஒரு துண்டை உடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு ஜாடியைத் திறந்தார். அடியில் இரண்டு வாய்த் தண்ணீர்தான் இருந்தது. சாக்கின் ஈரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ குடி" என்றார். குடித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, அத்தனையையும் நானே குடித்தேன்.

பாதி இறக்கத்தில் அவருக்குப் பேச்சு குழறியது. ஒரு பாறை நிழலில் படுக்க வைத்துவிட்டு ஓடினேன். ஆடு மேய்க்கிற ஒருவரைக் கண்டுபிடித்து, அவருடைய தோல்பைத் தண்ணீரோடு திரும்பி வந்து மாமாவின் வாயில் ஊற்றினேன். அது உள்ளே போகவில்லை. வழிந்து சட்டையை நனைத்தது. கல் வெட்டுகிறவர்களின் ஊரிலேயே அவரை எரித்துவிட்டு, ஜாடியோடு ரயில் ஏறினேன்.

காரியம் முடிந்த பிறகு அக்கா அதில் தண்ணீர் ஊற்றினாள். கசிந்தது. "மலையில எங்கயோ இடிபட்டிருக்கும்" என்றாள். நான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அதில் உப்புதான். அந்த வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறேன்!

போன மாதம் ஜாடியை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். அக்கா பின்னாலேயே வந்தாள். விரலை மடக்கி, என்னைப் போலவே, ஜாடியைத் தட்டினாள். "டேய், அன்னைக்கு நீ தட்டினப்ப இது நல்லாத்தான இருந்துது?" என்று கேட்டாள். மாமா பார்த்த மாதிரியே என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்துதுக்கா" என்றேன்.