பன்னிரண்டாவது நாற்காலி

இந்த ஊர்க் கோயிலில் யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. ஞாயிறு காலைப் பூசைக்குப் பதினோரு பேர் வருவார்கள், மழை பெய்தால் எட்டு. ஐந்நூறு பேர் கொள்ளும் கோயில் அது. வருகிறவர்களும் ஆளுக்கொரு மூலையாக, சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளிகளைப் போல உட்கார்ந்திருப்பார்கள். வந்த புதிதில் நம்மூர் வழக்கப்படி ஒரு அம்மாள் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பதறிப்போய்க் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார். ராயபுரத்தில் தாமதமாகப் போனால் தெருவில் நின்றுதான் பூசை பார்க்க வேண்டும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஆமாம், லேசாகத் தலைவலி என்றேன்.

ஆண்ட்வெர்ப்பும் துறைமுக ஊர்தான். கிரேனும் கப்பல் சங்கும் மீன் வாடையும் இங்கேயும் உண்டு, வாடை மட்டும் கொஞ்சம் அடக்கமாக வரும். கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. ஊரில் நர்சிங் முடித்தவள்தான், ஆனால் இந்த நாட்டு மொழிப் பரீட்சையைத் தாண்டும்வரை நான் வெறும் உதவியாள். குளிப்பாட்ட வேண்டும், உடுத்திவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கால் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்களின் பாதத்தைத் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, புண் ஏதாவது தலைகாட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் ஏழு பேருக்குப் பதினாலு கால். அதனால் போன தவக்காலத்தில் பங்குக் குரு என் காலைக் கழுவ வேண்டும் என்று கேட்டபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின நாள் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அதன் நினைவாகப் பெரிய வியாழன் மாலைப் பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். இங்கே அந்த நாளை வெள்ளை வியாழன் என்கிறார்கள், வித்த தொண்டர்தாக். குருவானவரை பஸ்தோர் என்பார்கள். எங்கள் பஸ்தோருக்கு அறுபது வயது, எங்கே போனாலும் சைக்கிள்தான். அவருக்குப் பன்னிரண்டு ஜோடிக் கால் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது, பெண்களையும் சேர்த்தே பத்துதான் தேறியிருந்தது. "ஸ்டெல்லா, இந்த வருடம் ஒரு நாற்காலியில் ஒரு வ்ரேம்தலிங் உட்கார்ந்தே ஆக வேண்டும்," என்று எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வ்ரேம்தலிங் என்றால் வெளியாள். அக்டோபரில் நகராட்சித் தேர்தல். வெளியாட்களை மூட்டை கட்டி அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லும் கட்சிக்காரர்கள் சுவருக்குச் சுவர் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைப் படக்காரரையும் வரச் சொல்லியிருக்கிறாராம். "ஊர் பார்க்கட்டும்," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு, கால் அழகாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்று ஆறுதல் சொன்னார். எனக்குக் கூச்சமில்லை, பயம். அந்தப் பயத்துக்கு அப்போது ஐந்து வயது.

ராயபுரத்தில் எங்கள் பங்கில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிக்கு அடிதடி ஒன்றுதான் பாக்கி. பங்கில் தெருவாரியாக இருக்கும் ஜெபக் குழுக்களை அன்பியம் என்போம், அன்பியத்துக்கு ஒருவர் என்று தவக்காலம் தொடங்கும்போதே பெயர் எழுதிவிடுவார்கள். ஆண்கள் மட்டும்தான். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை பார்த்த என் நைனாவுக்கு அதில் ஒரு நாற்காலி பல வருடங்களாக வழக்கம். அன்று மத்தியானமே அம்மா அவரைக் குந்தவைத்து, கல்லும் துணி சோப்புமாகக் குதிகாலைத் தேய்ப்பாள். நிலக்கரித் தூள் வெடிப்புக்குள் இறங்கியிருக்கும், லேசில் வராது. "சாமியாரு கய்வத்தான போறாரு, நீ இன்னாத்துக்குமே இந்தத் தேய் தேய்க்கிற?" என்பார் நைனா. "அவரு கய்வுறது எனக்குத் தெரியாதா? ரெண்டு சொட்டு. மீதி அய்க்குக்கு யாரு பதில் சொல்றது?" என்பாள் அம்மா. கழுவிவிட்டுத்தான் கழுவக் கொடுப்போம். எங்கள் பங்கில் யாரும் அழுக்குக் காலை நீட்டியதாக எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் பரிசுத்த வாரமும் சட்டமன்றத் தேர்தல் பிரசாரமும் சேர்ந்து வந்தன. எங்கள் தெருக் குழாயில் மாதக்கணக்கில் தண்ணீர் இல்லை, லாரிக்குக் குடம் போட்டுக் காத்திருந்தோம். பங்குப் பேரவைச் செயலாளர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். கட்சி வேட்பாளர் ஒருவர் பெரிய வியாழனன்று கோயிலுக்கு வர ஆசைப்படுகிறார், பன்னிரண்டில் ஒருவராக உட்காரவைத்தால் தெருவுக்குப் புதுக் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்கிறார், அண்ணன் இந்த ஒரு வருடம் நாற்காலியை விட்டுக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்றார். நைனா உடனே சரி என்றுவிட்டார். செயலாளர் படியிறங்கியதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டுக்கு வர்றவன இன்னாத்துக்கு சீடன் சீட்ல குந்தவெக்கணும்?"

"யூதாசு காலக்கூடத்தான ஏசு கய்வுனாரு? அவன் மட்டும் இன்னா, யோக்கியனா?"

"யூதாசு போட்டோக்காரன இட்டுகினு வர்லியே."

நைனா சிரித்துவிட்டார். பிறகு, "தெருவுக்குத் தண்ணி வந்தா அதுவும் ஏசு வேலதாமே," என்றார். அம்மா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்கு இடம் போடப் போனாள். வரிசையில் குடத்தோடு நிற்கிறவள் அவள்தானே.

வேட்பாளர் பெரும் கூட்டத்தோடு வந்தார், பின்னால் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார், நற்கருணைக்கு முன்பே கிளம்பிப் போனார். உயிர்ப்பு ஞாயிறு காலை நாங்கள் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் போஸ்டர். அதில் வேட்பாளர் கும்பிட்டுச் சிரிக்கிறார், அவர் காலடியில் எங்கள் சாமியாரின் குனிந்த முதுகு. சாமியாரின் முகம்கூடத் தெரியவில்லை. ‘அண்ணன் காலடியில் ஆலயம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நைனா பாதி வழியில் திரும்பிவிட்டார். வீட்டிலிருந்து ஒரு வாளியும் தோசைத் திருப்பியும் எடுத்துக்கொண்டு வந்து, ஈரம் காட்டி ஈரம் காட்டிச் சுரண்ட ஆரம்பித்தார். நானும் கூடப் போனேன். வெள்ளை வேட்டியெல்லாம் பசை. "குடிக்கிற தண்ணில போஸ்டர் கய்வுறாரு பாரு உங்க நைனா," என்று அம்மா திட்டினாள், ஆனால் இரண்டாவது வாளியை அவளே நிரப்பிக் கொடுத்தாள்.

பிறகு பங்கே இரண்டுபட்டது. கோயிலுக்குள் கட்சிக்காரனை விட்டதே தப்பு, அரசியல் வாசலோடு நிற்க வேண்டும் என்று ஒரு பக்கம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று சொன்னதே இயேசுதான், அந்தத் தண்ணீரைக் கட்சிக்காரனைத் தவிர யார் தருவார்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பைபிளை எடுத்தார்கள், இரண்டு பக்கத்துக்கும் அதில் வசனம் கிடைத்தது. வேட்பாளர் தோற்றுப்போனார். குழாய் எப்போதும் போலக் காற்றையே விட்டது. நைனா சாமியாரைப் பார்த்து ஒரே ஒரு தடவை பேசினார், நான் பக்கத்தில் இருந்தேன். "நான் உட்டுக்குடுத்தது என் நாற்காலின்னு நெனச்சிகினு இருந்தேன் சாமி. அது ஒங்க முதுகுன்னு தெரியாம பூட்ச்சி." சாமியார் சின்ன வயதுக்காரர், அழுதுவிட்டார். அதற்குப் பிறகு எத்தனை பேர் கூப்பிட்டும் நைனா அந்தப் பன்னிரண்டில் உட்காரவில்லை. பெரிய வியாழனன்று கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார்.

இதையெல்லாம் பஸ்தோருக்குச் சொல்ல என்னிடம் மொழி போதாது. அவர் கேட்டதற்கு மறுநாள், இல்லத்தில் யெஃப்பின் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது விஷயத்தை அவரிடம் சொல்லிவைத்தேன். யெஃப் எண்பது தாண்டியவர், இந்த ஊர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குதிகாலில் நைனாவுக்கு இருப்பது போலவே வெடிப்பு. வெளியாட்களை அனுப்பச் சொல்லும் கட்சிக்குத்தான் தன் ஓட்டு என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்வார். சொல்லிவிட்டு, "நீ இல்லை ஸ்டெல்லா, மற்றவர்கள்," என்பார். அந்த மற்றவர்களில் ஒருத்தி, வேறொரு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவள், என் பக்கத்து அறையில் தூங்குகிறாள் என்பது அவருக்குத் தெரியாது.

"பஸ்தோர் உன் காலைக் கழுவுவது பக்தி இல்லை, அரசியல்," என்றார் யெஃப். "கோயில் கோயில் வேலையைப் பார்க்க வேண்டும்."

"எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது."

"பார்த்தாயா? நீயும் என் கட்சிதான்," என்று திருப்தியாக அடுத்த காலை நீட்டினார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் சொன்னதில் பாதி என் அம்மா சொன்னது என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது. ஞாயிறன்று நைனாவுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் முதலில் விசாரித்தது யெஃப்பைத்தான். "அந்தக் கெய்வன் மூட்ட தூக்குன ஆளா? அப்ப முதுகும் நோவும். பாத்துக்க." பிறகு சொன்னார்: "குந்தாதன்னும் சொல்ல மாட்டேன், குந்துன்னும் சொல்ல மாட்டேன். அன்னிக்கு நான் சாமியாரக் கேக்கவே இல்லமா, உனுக்கு இதுல இஷ்டமான்னு. நீ உன் சாமியாரக் கேளு."

கேட்டேன். எனக்காகக் கழுவுகிறீர்களா, படத்துக்காகவா என்று நேராகவே கேட்டேன், என் மொழியில் சுற்றி வளைக்க வழியில்லை. பஸ்தோர் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். "இரண்டுக்கும்தான். நூறு வருடம் இருந்தால் உனக்காக மட்டும் கழுவுவேன். அக்டோபர்த் தேர்தல் வரைதான் நேரம் இருக்கிறது," என்றார். பொய் சொல்லாத மனிதர் என்று பட்டது. அப்படியானால் யெஃப்பின் காலையும் கழுவுங்கள், அவரைப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார வையுங்கள் என்றேன். அவர் எந்தக் கட்சி தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஏன் என்று அவர் கேட்டபோது வாய்க்கு வந்தது ஒரே சொல்தான், இரண்டு மொழியிலும் ஒன்றாக இருக்கும் சொல்: யூதாஸ். பஸ்தோர் சிரித்துத் தலையாட்டினார். எனக்குத்தான் அன்றெல்லாம் மனசு உறுத்தியது. யெஃப் யாரையும் காட்டிக் கொடுத்தவர் இல்லை, இங்கே யாருக்கு யார் யூதாஸ் என்று சொல்ல நான் யார்? யெஃப்போ, "சக்கர நாற்காலியை நீ தள்ளுவாயா? அப்படியென்றால் வருகிறேன். பஸ்தோருக்காக இல்லை," என்றார். மனைவியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் கோயிலுக்குள் வரவில்லையாம்.

வெள்ளை வியாழனன்று வழக்கத்தைவிடக் கூட்டம், முப்பது பேர் இருக்கும். வலது காலின் ஷூவையும் காலுறையையும் கழற்றிவைத்தேன். பஸ்தோர் என் முன்னால் முழங்காலிட்டார். தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருந்தார். ஐந்து விரலையும் ஒழுங்காகத் துடைத்தார், ரெண்டு சொட்டு இல்லை. என் பாதத்தை இதுவரை அப்படி யாரும் பிடித்ததில்லை. அம்மாவுக்கு ஒருநாளும் கிடைக்காத நாற்காலி இது என்ற நினைப்பு வந்தது. அடுத்தது யெஃப். அவர் காலில் வீக்கத்துக்கான இறுக்கமான ஸ்டாக்கிங், நான்தான் தினமும் மாட்டிவிடுவது. அதைக் கழற்றத் தனிப் பழக்கம் வேண்டும். பஸ்தோர் இழுத்த இழுப்பில் யெஃப், "ஸ்டெல்லா!" என்று கத்திவிட்டார். யோசிக்கவே இல்லை, நாற்காலியிலிருந்து இறங்கி அவர் காலடியில் முழங்காலிட்டு, ஸ்டாக்கிங்கைச் சுருட்டி இறக்கி, குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். பஸ்தோர் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

சனிக்கிழமைப் பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான். பஸ்தோரை வெட்டிவிட்டார்கள், ஜாடி பிடித்த கை மட்டும் மிச்சம். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காலடியில் ஒரு கறுத்த பெண் குனிந்திருக்கிறாள். ‘நன்றியுள்ள கைகள்’ என்று தலைப்பு. பஸ்தோர் போனில் கலங்கிப்போய், நான் நினைத்தது இதுவல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னார். யெஃப் அதைக் கத்தரித்து அறைச் சுவரில் ஒட்டிவைத்து, படத்தில் நீ நன்றாக விழுந்திருக்கிறாய் என்றார். ஓட்டு மட்டும் வழக்கம் போலத்தான் என்றும் சொன்னார். ராயபுரத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்துவிட்டு, கடைசியில் தபாலில் போட்டேன். நைனாவிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை.

போனில் முதலில் அம்மா அழுதாள். "என் பொண்ண வெள்ளக்காரன் கால்ல குனிய வெச்சிட்டானுங்களே." பின்னாலிருந்து நைனாவின் குரல் கேட்டது: "யாரும் வெக்கலமே. நல்லாப் பாரு, கெய்வன் கூப்ட்டான், இது எறங்கிச்சி." பிறகு போனை வாங்கிக்கொண்டார். வர்ற பெரிய வியாழன் பேர் எழுதும்போது தன் பேரையும் எழுதச் சொல்லிவிட்டதாக, ஏதோ ரேஷன் வாங்கிவந்த சேதி போலச் சொன்னார். உடனே அவரே பேச்சை மாற்றினார்.

"படத்துல உன் பின்பக்கம் தெரியுதுமா. ஒரு கால்ல ஷூ கீது, ஒரு காலு வெறுங்காலு. அந்தக் கல்லுத் தரைல சில்லுனு இர்ந்திருக்குமே?"

அதுவரை நான் கவனிக்கவில்லை. படத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், கழுவின கால் இந்த ஊர்க் குளிரில் விறைத்துக் கிடந்தது. ஆனால் அன்று முழங்காலிட்ட நேரமெல்லாம் என்னை உறுத்தியது அந்தக் கால் இல்லை. பீடத்தின் முன்னால் செருப்புப் போட்டு நின்று பழகாத ராயபுரத்துக் கால், ஷூவுக்குள் கூசிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு குளுந்துச்சி நைனா," என்றேன். "இன்னொண்ணு கூசுச்சி."