தோணித் தகவலின் முகவரி

பிளாரன்ஸுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. பேச்சு சுருங்கிவிடும், மேசையில் கிடக்கிற காகிதங்களை ஓரம் தட்டித் தட்டி அடுக்க ஆரம்பித்துவிடுவாள். துறைமுகத்தை ஒட்டி, சரக்குக் காகிதம் பார்க்கும் கிளியரிங் ஆபீஸில் இருபத்திரண்டு வருடமாக அவளோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அன்றைக்கு அவள் பக்கத்து மேசைக் காகிதங்களையும் சேர்த்து அடுக்கினாள். யாரும் கிட்டே போகவில்லை.

காரணம் ஜெர்சன் அண்ணாச்சியிடமிருந்து வந்த போன். அவர் மூன்று சரக்குத் தோணிக்கு முதலாளி, தோணிச் சங்கத்துக்குச் செயலாளர். பிளாரன்ஸ் எழுதும் வலைப்பூவின் முகவரி அவர் பேரில்தான் பதிவாகியிருந்தது.

அந்த வலைப்பூவே ஒரு கோபத்தில் பிறந்தது. பல வருடங்களுக்கு முன்னால் அவள் அண்ணன் சிலுவை வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிய தோணியில் மாலத்தீவுக்குப் போனான். ஒன்பது நாளாகத் தகவல் இல்லை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு பழைய துறைமுகத்தில் இருக்கும் சங்கத்து ஆபீஸில் போய் நின்றாள். அங்கிருந்த கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தாமல், வந்தால் சொல்லுவோம், போங்க என்றான். எந்தத் தோணி என்றைக்குப் புறப்பட்டது, எத்தனை பேர் ஏறினார்கள் என்ற காகிதமெல்லாம் பிளாரன்ஸின் மேசைக்கே வந்து போகிறது. மாலத்தீவு ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்டால் போய்ச் சேர்ந்த சேதியும் கிடைக்கும். ஊருக்கெல்லாம் தெரிகிற விஷயம் பெண்டாட்டிக்கு மட்டும் தெரியாது என்றால் இது என்ன நியாயம்? பத்தாம் நாள் சிலுவை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டான். அவளுக்குக் கோபம் மட்டும் ஆறவில்லை. அந்த வாரமே 'தோணித் தகவல்' என்று ஓசியில் ஒரு வலைப்பூ தொடங்கிவிட்டாள்.

எந்தத் தோணி, யார் தண்டல், எத்தனை ஆள், எப்போது புறப்பட்டது, எப்போது சேர்ந்தது. நாலு வரிக்கு மேல் எழுத மாட்டாள். தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகும் தலைவன். வேம்பாரிலிருந்து முத்தையாபுரம் வரை தோணிக்காரர் வீட்டுப் பெண்கள் காலையில் காப்பி போடுவதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள். கீழே 'மாதா துணை' என்று எழுதுவார்கள், 'இவுக இதுலதான் போறாக' என்று எழுதுவார்கள். இப்படியே ஆயிரத்து இருநூறு பதிவு சேர்ந்துவிட்டது.

நடுவில் ஒரு நாள் ஜெர்சன் வந்தார். ஓசி முகவரி வாலு நீளமாக இருக்கிறது, சங்கம் ஒரு நல்ல பேர் வாங்கித் தருகிறது என்றார். வாங்கியும் தந்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பிளாரன்ஸ் பல்லைப் பார்க்காதது சரி, கயிறு யார் கையில் இருக்கிறது என்றாவது பார்த்திருக்க வேண்டும். அது சங்கத்தின் பேரில்கூட இல்லை, ஜெர்சனின் சொந்தப் பேரில் இருந்தது.

போன கார்த்திகையில்தான் வினை வந்தது. காலை பதினோரு மணிக்குத் துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றினார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஜெர்சனின் 'அடைக்கல மாதா' தோணி புறப்பட்டது. தண்டல் ராஜதுரை வேண்டாம் என்று மன்றாடினான். வெங்காயம் அழுகினால் உன் அப்பனா தருவான் என்று ஜெர்சன் துறையில் நின்று கத்தினார். காகிதம் கொடுக்கப் போன பிளாரன்ஸ் அதைக் கண்ணால் பார்த்தாள். அன்று சாயங்காலமே எழுதிவிட்டாள்: கூண்டு ஏறி மூன்று மணி நேரம் கழித்து, தண்டல் மறுத்தும், முதலாளி ஜெர்சன் நின்று அனுப்பிவைக்க அடைக்கல மாதா புறப்பட்டது.

மூன்றாம் நாள் தோணி கவிழ்ந்தது. நாலு பேரைச் சரக்குக் கப்பல் ஒன்று கடலிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. ராஜதுரையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. பிழைத்த நாலு பேரும் ஜெர்சனின் மற்றத் தோணிகளில் ஏறிவிட்டார்கள், வாய் திறக்கவில்லை. புறப்பாட்டுச் சீட்டு முந்தின நாளே வாங்கியது, அதில் கூண்டைப் பற்றி ஒன்றும் இல்லை. ஜெர்சன் ஒரு கதை கட்டினார். நான் போகாதே என்றுதான் சொன்னேன், தண்டல் குடித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குத் தோணியை எடுத்துவிட்டான் என்றார். ராஜதுரை பீடி கூடத் தொடாதவன். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்ல மாட்டான் என்கிற தைரியம், வேறென்ன?

ராஜதுரையின் மனைவி முத்துக்கனி துறைமுக அதிகாரியிடம் மனுக் கொடுத்தாள். விபத்து அறிக்கையில் புருசனைக் குடிகாரன் என்று எழுதாதீர்கள், அவள் கேட்டது அவ்வளவுதான். மனுவில் பிளாரன்ஸின் பதிவையும் முகவரியோடு குறித்திருந்தாள். ஆடி மாதம் விசாரணை என்று தாள் வந்தது. ஜெர்சன் போன் செய்தது அதற்கப்புறம்தான்.

"அந்த ஒண்ணை மட்டும் எடுத்திரு தங்கச்சி. மிச்சமெல்லாம் இருக்கட்டும்."

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி."

"பேரு எம் பேர்ல இருக்கு, பாத்துக்க. ஆனி கடைசியில வருசக் கெடு முடியுது, அப்ப நான் அதை எங் கைக்கு எடுத்துக்கிடுதேன். உன் எழுத்தெல்லாம் கடல்ல போட்ட மாதிரிதான்."

ஒரு ஆளையே கடலில் போட்ட மனுஷன் எந்த வார்த்தையைச் சொல்கிறான் பாருங்கள். பிளாரன்ஸ் போனை வைத்துவிட்டுக் காகிதம் அடுக்கினாள்.

ஜெர்சனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பேர்ப்பலகைதான் அவருடையது, கடைச் சரக்கு முழுக்க அவளுடையது. பலகையின் பாஸ்வேர்டைக்கூட அவர்தான் அவளிடம் கொடுத்துவைத்திருந்தார், வருடாவருடம் புதுப்பித்ததும் அவள்தான். ஆனி முடிய இருபத்தாறு நாள் இருந்தது. தோணி ஓடாத காலம், புதுப் பதிவு எழுத வேண்டிய வேலையும் இல்லை.

முதலில் பதிவு, படம், கீழே பெண்கள் எழுதிய பின்னூட்டம் எல்லாவற்றையும் இறக்கி இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினாள். தன் பேரில், இந்தத் தடவை நாலு முறை சரிபார்த்துத் தன் பேரிலேயே, புது முகவரி வாங்கினாள். பழைய முகவரியைத் தட்டுகிறவர்கள் தானாகப் புது இடத்துக்கு வந்து சேரும்படி வழி போட்டாள். முகப்புக்கு வந்தால் மட்டும் போதாது, எந்தப் பதிவைத் தட்டினார்களோ அந்தப் பதிவே திறக்க வேண்டும். அதற்கு முகவரியில் பேருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு பதிவின் வால்பகுதியும் எழுத்துப் பிசகாமல் பழையபடியே இருக்க வேண்டும், இருந்தது. பதிவுக்குள் பதிவாகக் கொடுத்திருந்த பழைய லிங்க் எல்லாவற்றையும் ஆபீஸ் விட்டு வந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். கார்த்திகைப் பதிவு வந்தபோது மட்டும் கை துறுதுறுத்தது. ஜெர்சனைப் பற்றி இன்னும் நாலு வரி நறுக்கென்று சேர்க்கலாம். சேர்க்கவில்லை, ஒரு புள்ளிகூட மாற்றவில்லை. அந்தக் கோபத்தை விழுங்கியதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் இந்த வழி ஆனி முடிகிறவரைதான். அதற்குள் வாசிக்கிறவர்கள் அத்தனை பேரும் புது முகவரியைக் கையோடு பிடித்துக்கொள்ள வேண்டும். பிளாரன்ஸுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்பார்கள், முதல் ஞாயிறு காதில் விழாதவனுக்கு மூன்றாம் ஞாயிறாவது விழுந்துவிடும். அதே மாதிரி மூன்று ஞாயிறும் வலைப்பூவில் முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை என்று தலைப்புப் போட்டு அறிவித்தாள்: இன்ன பேரில் இருந்தது இன்ன பேருக்கு மாறுகிறது, தடை ஏதும் அறிந்தவர் தெரிவிக்கவும். பெண்கள் சிரித்தார்கள், சிரித்ததை நாலு பேருக்கு அனுப்பினார்கள். அவள் எதிர்பார்த்ததும் அதுதான்.

முதல் ஓலைக்கு மறுநாளே வேம்பாரிலிருந்து ஏஞ்சலின் போன் செய்தாள்.

"ஏளா பிளாரன்ஸ், நீ சொன்ன பேரை அடிச்சா கிரிக்கெட்டால்லா வருது?"

பிளாரன்ஸ் தோணியை ஆங்கிலத்தில் 'T' 'H' போட்டுத் தொடங்கி முகவரி வாங்கியிருந்தாள். ஆனால் தோணிக்காரர் வீடுகளில் கிடக்கிற பழைய சுங்கக் காகிதத்தில் எல்லாம் அது 'D' 'H' போட்டு, தோனி என்று வாசிக்கிற மாதிரித்தான் இருக்கும். அவர்கள் அதையே அடித்தார்கள், மட்டையைப் பிடித்த ஆள் வந்து நின்றார். காகிதத்திலேயே காலம் தள்ளுகிற தனக்கு இது தோன்றவில்லையே என்று தன்னையே வைதுகொண்டாள். அந்த எழுத்திலும் ஒரு முகவரி வாங்கி, இரண்டையும் ஒரே இடத்துக்குத் திருப்பிவிட்டாள்.

மூன்றாம் ஓலைக்குப் பிறகும் நாற்பத்தொரு பேர் பழைய வழியாகவே வந்துகொண்டிருந்தார்கள். தெரிந்தவர்களை எல்லாம் போனில் பிடித்தாள். நாசரேத்தில் ஒரு வாத்தியார் தன் பக்கத்தில் பழைய லிங்கைப் போட்டுவைத்திருந்தார், அவரை மாற்றவைத்தாள். ஆனி கடைசி நாள் பழைய வழியாக வந்தது மூன்றே பேர். அதில் ஒருவர் ஜெர்சனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பழைய முகவரியைத் தட்டினால், படத்தில் ஜெர்சன் மாலை போட்டுச் சிரித்தார். சங்கத்தின் சேவைகள், செயலாளர் செய்தி. எந்தப் பதிவைத் தட்டினாலும் அதே சிரிப்புத்தான்.

விசாரணை அன்று அறையில் நாலு பேர்: அதிகாரி, ஜெர்சன், முத்துக்கனி, பிளாரன்ஸ். அதிகாரி மனுவில் அச்சாகியிருந்த முகவரியை அடித்தார். ஜெர்சனின் மாலைதான் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியோடு, அப்படி ஒரு பதிவே கிடையாது சார் என்றார் ஜெர்சன்.

பிளாரன்ஸ் புது முகவரியைச் சொன்னாள். பதிவு திறந்தது. கார்த்திகைத் தேதி, சாயங்காலம் ஐந்தே கால், நாலு வரி, கீழே பெண்களின் பின்னூட்டம், எல்லாம் இருந்தன. அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். ஜெர்சனுக்கு ஒரு நிமிஷம் முகம் செத்துவிட்டது. ஆனால் பழம் தின்று கொட்டை போட்ட ஆள் அல்லவா?

"இந்த முகவரியே போன மாசம் வாங்கினது சார். வேணும்னா பாருங்க. பழைய தேதியை யாரும் போட்டுக்கிடலாம். எம் மேல உள்ள கோவத்துல எழுதியிருக்கு."

அதிகாரி பார்த்தார். முகவரி போன மாதம்தான் வாங்கியது. நிமிர்ந்து பிளாரன்ஸைக் கேட்டார். அவள் விளக்க ஆரம்பித்தாள். டொமைன் வேறு, பதிவு வேறு, திருப்பிவிட்டது, வால்பகுதி என்று சொல்லச் சொல்ல அதிகாரியின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. தான் சொல்வது சத்தியம் என்றாலும் கேட்கிறவர் காதில் அது சால்ஜாப்பாகத்தான் விழுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. இருபத்தாறு நாள் பட்ட பாடெல்லாம் அந்த மனுஷனுக்கே சாதகமாகப் போய்விட்டதே என்று ஆத்திரம் வந்தது. பேச்சு சுருங்கியது. கை தானாக மேசையில் கிடந்த காகிதங்களைத் தேடியது.

முத்துக்கனி எழுந்தாள்.

"ஐயா, நாங்க வேம்பார்லதான் இருந்தோம். இவுக போனப்புறம் வீட்டை விட்டுட்டு முத்தையாபுரத்துக்கு வந்துட்டேன். ரேசன் கார்டுல விலாசம் மாத்தியாச்சு. அதுக்காக எம் புருசன் செத்த தேதி மாறிருமா?"

ஜெர்சன் கைக்குட்டையை எடுத்தார். அதிகாரி திரையைப் பார்த்தார், முத்துக்கனியைப் பார்த்தார், கடைசியாகப் பிளாரன்ஸைப் பார்த்துக் கேட்டார்: அன்றைக்கே, தோணி கவிழ்வதற்கு முன்னால் இதை வாசித்தவர்கள் இருக்கிறார்களா? இன்னும் இருக்கிறார்களா?

பிளாரன்ஸுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"ஒருத்தரையும் விடலை சார். எழுதிக்கிடுங்க."

பின்னூட்டம் எழுதியவர்களின் பேரை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஏஞ்சலின், வேம்பார். டயானா, முத்தையாபுரம். வடிவம்மாள், இவளும் வேம்பார்தான். கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள் என்றாள். அதிகாரி புதுத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஜெர்சன், ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

"உக்காருங்க. இன்னும் பேர் முடியலை" என்றார் அதிகாரி.