சுங்குடி கவுன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்தி டெக்ஸாஸிலிருந்து ஃப்ரீமான்ட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சான்டா கிளாராவில் வேலை கிடைத்திருக்கிறது என்றார்கள். எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

வார நாட்களில் ஜீன்ஸும் ஆபீஸ் பேட்ஜுமாகப் போகிற சித்தி, சனிக்கிழமை வந்தால் வேறு ஆளாகிவிடுவாள். ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாட்டுக்கு ஆடுகிற கூட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். அங்கே பாட்டு மட்டுமல்ல, உடையும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். இடுப்பை இறுக்கிப் பிடித்துக் கீழே குடையாக விரியும் கவுன், அதைத் தூக்கி நிறுத்த உள்ளே விறைப்பான வலைப் பாவாடை, முன்நெற்றியில் சுருட்டிக் குத்திய முடி, ரத்தச் சிவப்பில் உதட்டுச்சாயம். ஸ்ப்ரே அடித்த அந்த முடிச்சுருளை ஒரு விரலால் தொட்டுப் பார்க்க எனக்கு மட்டும் அனுமதி உண்டு. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. குறைந்தபட்சம் தினமும் அப்படித்தான் சொன்னாள்.

கோடையில் ஒரு பூங்காவில் அந்தக் கூட்டத்தின் பெரிய நடன விழா ஏற்பாடாகியிருந்தது. சிறந்த உடைக்குப் பரிசும் உண்டு. வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புத் துணி தேடிச் சித்தி கடை கடையாக அலைந்தாள். எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாலை அம்மா தன் சிவப்புச் சுங்குடிப் புடவையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். புடவை முழுக்க முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய வெள்ளைப் புள்ளிகள். சித்திக்கு வெட்ட மனம் வரவில்லை. கத்தரியை அம்மாவே எடுத்தாள். ஜரிகைக் கரை கோணாமல் கீழ்விளிம்பைச் சுற்றி வருவதற்காக, துணியை வட்டமாக வெட்டாமல் இடுப்பில் சுருக்கு வைத்துத் தைத்தார்கள்.

விழாவுக்குப் போகும் வழியில், கறிவேப்பிலை வாங்க மௌரி அவென்யூவில் இருந்த இந்தியக் கடையில் அம்மா காரை நிறுத்தினாள்.

"நான் கார்லயே உக்காந்துக்கவாக்கா?" என்றாள் சித்தி. அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அம்மா காரைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எதுக்கு? எறங்கு."

நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவதுபோல நடந்தேன். கவுன் இரண்டு பக்க அலமாரிகளையும் உரசியது. பருப்பு வரிசையில் நின்ற தெரிந்த ஆன்ட்டி ஒருவர் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "என்ன, ஃபேன்ஸி டிரஸ் காம்பெடிஷனா?" என்று கேட்டார். சித்தி விரிந்த கவுனை ஒரு கையால் அமுக்கிப் பிடித்தாள்.

"இல்ல ஆன்ட்டி, டான்ஸ் ஆடப் போறா. என் தங்கச்சி," என்றாள் அம்மா. "என்னோட சுங்குடிதான். நானே கட் பண்ணிக் குடுத்தேன். சூப்பரா இருக்குல்ல?"

ஆன்ட்டிக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டோம்.

விழாவில் பரிசு வேறு யாருக்கோ போனது. உலகத்தில் நடந்த அநியாயங்களில் அதுவே பெரியது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் டிரம்ஸ் அதிர, சித்தி சுழன்றபோது ஜரிகை வெயிலில் ஒரு வளையமாக மேலே எழுந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "தட்ஸ் மை சித்தி" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். "இட்ஸ் ஓகேம்மா, வீ கேன் பை அனதர் ஸாரி" என்றேன். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

டெக்ஸாஸில் இருந்தவரை சித்தி எதை உடுத்தவும் சித்தப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது என்பதும், அந்த வீட்டை விட்டு அவள் தானாகவே கிளம்பி வந்தாள் என்பதும் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்ததெல்லாம், அம்மாவுக்குப் புடவை என்றால் உயிர் என்பது மட்டும்தான்.