நிர்மலாதேவி தேடிய நாலாவது சென்சார்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கார் ஏசி பார்க்கும் கடை வைத்திருக்கிற நிர்மலாதேவிக்குத் தன் வேலையைப் பற்றி ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் அந்தத் தெருவின் கருத்து. பிள்ளைச்சாவடியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். ஐடிஐயில் குளிர்சாதன வகுப்பில் சேர்ந்தபோது அத்தனை பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண். "பொட்டப்புள்ள ஸ்பேனர் புடிச்சி என்னா கிழிக்கப் போவுது" என்று கேட்ட பெரியப்பாவின் வீட்டு ஃப்ரிட்ஜை முதல் வருஷமே பிரித்து மாட்டி ஓடவிட்டுக் காட்டினாள். அப்புறம் ஐஸ் கம்பெனியில் ஆறு வருஷம், இன்னொருவர் கடையில் நாலு வருஷம். சொந்தக் கடை போட்டுப் பதிமூன்று வருஷமாகிறது. புருஷன் அன்பழகன் பஸ் ஓட்டுகிறான். வீட்டில் ஃபேன் நின்றுபோனால் அவன் தொடமாட்டான், விசிறிக்கொண்டே அவள் வரும்வரை காத்திருப்பான். விவரமான ஆள்.

போன மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில் இராமதாஸ் வந்தான். வாடகை கார் ஓட்டுகிறவன், அவள் கடைக்குப் பழைய வாடிக்கை. பதினாறு வயசான அந்த வெள்ளைக் காரை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பில்லை. அதில் ஏசி நின்றுவிட்டது. ஏறுகிற ஆள் எல்லாம் இரண்டு நிமிஷத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள். நிர்மலாதேவி நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு கடைகளில் காட்டியிருக்கிறான். ஒருவர் கம்ப்ரஸர் செத்துவிட்டது என்றார், இன்னொருவர் ஒயரிங் முழுக்க மாற்றவேண்டும் என்றார்.

"யக்கா, கடைசியா நீ ஒருவாட்டி பாத்துடு. ஒரு மணிக்கு முதலியார்பேட்ட புரோக்கர் வர்றான். உன்னாலயும் ஆவலன்னா வண்டியக் குடுத்துட்டு எவன்கிட்டனா டிரைவரா சேந்துக்கறேன்."

"நான் நாலு நாளு ஊர்ல இல்லன்னா ஒனக்குப் பொறுக்காதா? கம்ப்ரஸர் போனா சத்தம் குடுத்துட்டுதான் போவும். இது ஊமையா நிக்குது. எங்கியோ ஒரு சென்சார் பொய் சொல்லுது. அதப் புடிச்சிட்டுதான் எனக்கு டீ."

புது வண்டி என்றால் ஸ்கேனரைச் செருகினதும் தன் நோவை அதுவே ஒப்பித்துவிடும். இந்தக் கிழட்டு மாடலில் அதெல்லாம் நடக்காது. கையால் தேடி, மீட்டரால் கேட்கவேண்டும். முதலில் ஏசி பைப்பில் இருந்த பிரஷர் சுவிட்சைப் பார்த்தாள். கேஸ் இருந்தது, சுவிட்சும் சரி. அடுத்து இன்ஜின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சார், ரேடியேட்டர் ஹோஸ் இன்ஜினோடு சேருகிற இடத்தில். இன்ஜினை ஓடவிட்டாள். சூடு ஏற ஏற எண் இறங்குவதுதான் இந்தச் சென்சாருக்கு முறை, மீட்டரில் அது ஒழுங்காக இறங்கியது. மூன்றாவது டேஷ்போர்டுக்குப் பின்னால், குளிர் காற்று புறப்படும் இடத்தில். அதை உருவி, பக்கத்து மீன்கடை ஐஸைப் போட்ட டம்ளரில் முக்கினாள். எண் ஏறியது. மூன்றும் யோக்கியம்.

மிச்சம் ஒன்றுதான். வெளியே எத்தனை சூடு என்று வண்டிக்குச் சொல்கிற சென்சார். அதன் ஒயர் அறுந்தால், வெளியே பனி கொட்டுகிறது என்று வண்டி நினைத்துக்கொண்டு கம்ப்ரஸரை ஓடவிடாது. மே மாதப் புதுச்சேரியில் பனி! அது ரேடியேட்டருக்கு முன்னால் நடுவில் இருக்கவேண்டும், ஆனால் இல்லை. எப்போதோ இடிபட்டு பம்பர் மாற்றியபோது எவனோ அதை மாட்டாமல் தொங்கவிட்டுவிட்டான். மணி பன்னிரண்டைத் தாண்டியது. இராமதாஸ் வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தான்.

நிர்மலாதேவி சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, பம்பருக்கு அடியில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒயர்களைத் தடவினாள். இடது மூலையில் விரல் பிசுபிசுத்தது. இழுத்துப் பார்த்தால் வாடிய எலுமிச்சம்பழம், நாலு பச்சை மிளகாய். கண்ணேறு படாமலிருக்க அமாவாசைக்கு அமாவாசை வண்டியில் மாட்டுகிற சமாச்சாரம். அது சென்சார் ஒயரில் தொங்கியது. சாறு இறங்கி இறங்கி, சென்சாரின் கனெக்டர் பின் பச்சையாகக் களிம்பேறி அரித்துப் போயிருந்தது.

கட்டியிருந்தது நூலில் அல்ல, பச்சை ஒயரில். மூன்று முறுக்கு, குத்தாமலிருக்க முனை உள்ளே மடக்கியிருந்தது. அப்படி முறுக்குகிற கை அந்தத் தெருவில் ஒன்றுதான். ஆயுதபூஜையன்று கடைக்கு வந்த வண்டிக்கெல்லாம் அவளே கட்டிவிட்டிருந்தாள். அதற்கப்புறம் இராமதாஸ் பழத்தையும் மிளகாயையும் மட்டும் மாற்றியிருக்கிறான். அடிப்பாவி, என்று தன்னையே வைதுகொண்டாள்.

அந்த ஒயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வேறு கனெக்டர் வைத்து, சென்சாரை நடுவில் ஒழுங்காக மாட்டினாள். கம்ப்ரஸர் டக்கென்று பிடித்தது. இராமதாஸ் உள்ளே உட்கார்ந்து குளிர் காற்றில் கையை நீட்டிப் பார்த்தான். ஆனால் முகம் மலரவில்லை.

"என்னாக்கா, உப்புக் கடக்காத்துல ஒயரு இத்துப் போச்சா?"

"ம்" என்றாள்.

"அதான் பாத்தேன். இன்னிக்கி இந்த ஒயரு, நாளைக்கி இன்னொண்ணு. வயசாயிடுச்சி, இனிமே இத நம்பி ஓட்ட முடியாது. ஏசி ஓடறப்பவே குடுத்துடறேன்."

நிர்மலாதேவிக்குக் காது சூடேறியது. தன் பேரைக் காப்பாற்றச் சொன்ன ஒரு 'ம்', நல்ல வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பப் பார்க்கிறது. பச்சை ஒயரை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"கடக்காத்து இல்ல, நான். ஆயுதபூஜைக்கி எலுமிச்ச கட்டுனேனே, சென்சார் ஒயருன்னு பாக்காம அதுலயே கட்டியிருக்கறேன். ஏழு மாசமா சாறு அதுமேலயே எறங்கியிருக்குது."

"நீயா?"

"நான்தான். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. யாரு கேட்டாலும் இதையே சொல்லு, எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

கொஞ்சம் குறையும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் குரல் இறங்கவில்லை.

இராமதாஸின் போன் அடித்தது. தெருமுனைக்கு வந்துவிட்டதாகப் புரோக்கர் சொன்னது வெளியில் நின்ற அவளுக்கே கேட்டது.

"வேணாம்பா, திரும்பிப் போயிடு. வண்டிக்கி ஒண்ணும் இல்ல."

போனை வைத்துவிட்டு ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு நாளா இதப் போயி வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்க்கா" என்றான்.