முகத்துவாரத்தில் ஒரு கொடுவாப் பருவம்

ஒரு ஊர்ல ஒரு ஆறாம். அந்த ஆறு கடல்ல சேர்ற எடத்துல கொடுவா மீனாம். அதைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆனா டவுனே கிளம்பி வருமாம். கொடுவா மட்டும் வராதாம். என் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தூண்டில் போட வருகிற புதுச்சேரிக்காரர்களைப் படகில் ஏற்றி, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் மீன் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவது என் வேலை. ஆடித் தேர் முடிந்ததும் பருவம் தொடங்கும். ஐப்பசி மழையில் ஆற்றுத் தண்ணீர் சிவந்து இறங்கினால் முடிந்துவிடும். மீன் கிடைத்தால் பிடித்தவர் கெட்டிக்காரர். கிடைக்காவிட்டால் படகோட்டி சரியில்லை. தையற்காரர்களே, சமையற்காரர்களே, அடுத்தவர் திருப்திக்காக உழைக்கிற எல்லோருமே, இது உங்களுக்கும் பழகின கதைதான்.

படகு என் அண்ணனுடையது. அவர் சைகோனுக்குக் கப்பல் ஏறியபோது எனக்குப் பத்தொன்பது வயது. வீராம்பட்டினத்தில் எங்கள் துறையில் இப்படி ஆள் ஏற்றுகிற படகு ஐந்துக்குத்தான் இடம். அதில் ஒன்று பெரியப்பா மகன் காத்தவராயனுடையது. அண்ணன் போனதும் எங்கள் இடத்தையும் தனக்கே கேட்டார், இரண்டாவது படகு விட. அவர் கூப்பிட்டால் அக்கரை நாய்கூடத் திரும்பிப் பார்க்கும். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவரே "என்னா?" என்பார். ஊர் நாட்டாமை யோசித்து ஒரு முடிவு சொன்னார். இந்த ஒரு பருவம் நான் ஓட்டலாம். மழை வருவதற்குள் என் படகில் வந்த யாராவது ஒருவர் பெரிய கொடுவா ஒன்று பிடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இடம் காத்தவராயனுக்கு.

பெரிசு என்றால் எவ்வளவு என்று கேட்டேன். நாட்டாமை சொன்னார்: "தோள்ல போட்டா வாலு இடுப்பைத் தாண்டணும்டா."

கூப்பிடாத படகு

ஞாயிறு காலையில் ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டிகள் துறைக்கு வந்து நிற்கும். வந்தவர் கீழே காலை வைப்பதற்குள் நாலு படகுக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் குடையை வாங்கிக்கொள்வார், ஒருவர் சாப்பாட்டுக் கூடையை, ஒருவர் தூண்டிலை. கூடை போன படகில்தான் ஆள் ஏறுவார் என்று ஒரு கணக்கு. நான் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இரண்டு ஞாயிறு அப்படியே நின்றேன். யாரும் ஏறவில்லை. காத்தவராயன் போகிறபோக்கில், "தம்பி, கயிறு பத்திரம், ஓடிடப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மூன்றாவது ஞாயிறு, பத்திரம் எழுதுகிற நொத்தேர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வந்தார். மாதா கோயில் காலைப் பூசைக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு அப்படியே வந்திருந்தார். அவர் குடை ஒரு படகில், கூடை ஒரு படகில், தொப்பி மூன்றாவது படகில். பொறுமையாக மூன்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "ஒனக்கு ஆள் வேணாமா?" என்றார். "வேணும் முசியே" என்றேன். "அப்ப ஏன் கூப்பிடல?" அவரே ஏறி உட்கார்ந்து, குடையை விரித்துக்கொண்டு சொன்னார்: "கோயில்ல சாமியார் கத்துனாரு, வூட்ல பொண்டாட்டி கத்துனா, இங்க நாலு பேரு கத்துறான். ஒன் படகுல மீன் கெடைக்குதோ இல்லியோ, காதாவது மிஞ்சும்."

தூக்கம்

முகத்துவாரத்தில் நங்கூரம் போட மாட்டோம். நீளமான சவுக்குக் கழியைச் சேற்றில் ஆழமாக ஊன்றிப் படகை அதில் கட்டிவிடுவோம். ஒரு நாள் ஆள் இல்லாத நேரத்தில் அந்தக் கழியில் தலையைச் சாய்த்தேன். தூக்கம் வரவில்லை, சத்தம் வந்தது. ஆற்றுக்கு அடியிலிருந்து யாரோ பொரி வறுக்கிற மாதிரி. சேற்றில் இருக்கிற சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது. கேட்டுக்கொண்டே இருந்தேன். வாத்தியார் நுழைந்த வகுப்பு மாதிரி திடீரென்று எல்லாம் அடங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் "டொப்" என்று வெடித்து ஒரு கொடுவா வாயை மூடிக்கொண்டு போனது. மறுநாளும் அப்படியே. அதன் பிறகு எங்கே நிறுத்தினாலும் முதலில் கழியில் காது வைத்துப் பார்ப்பேன். பொரிந்துகொண்டே இருந்தால் கழியைப் பிடுங்கி வேறு இடம். அடங்கினால் அங்கேயே.

படகில் இருப்பவருக்கு இது தெரியுமா? படகோட்டி கழியைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடியிருப்பதுதான் தெரியும். சொல்தா ஐயா முதல் முறை என் படகில் வந்தபோது பலகையை ஓங்கித் தட்டினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பெரிய யுத்தத்துக்குப் போய்வந்து பென்சன் வாங்குகிறவர், அதனால்தான் ஊருக்கு அவர் சொல்தா. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். "காவல் நிக்கிறப்ப தூங்கினா சுட்டுடுவாங்க, தெரியுமா?" என்றார். "தூங்கல ஐயா, கேக்கறேன். கொடுவா வந்தா எறா சத்தம் நின்னுடும்" என்றேன். நம்பாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தவழ்ந்து வந்து தானும் காதை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. எழுந்தபோது சொன்னார்: "யுத்தத்துல பதுங்குற பள்ளத்துல நாங்களும் இப்பிடித்தான் மண்ணுல காதை வச்சிப் படுத்திருப்போம். எதிராளி அடியில தோண்டுற சத்தம் கேட்டா நிம்மதி, நின்னாத்தான் பயம். வெடி வச்சிட்டான்னு அர்த்தம்."

நன்றி

புரட்டாசி பிறந்ததும் நொத்தேர் குமாஸ்தாவின் தூண்டிலில் ஒரு கொடுவா மாட்டியது. நிஜமாகவே பெரிது. முழு உடம்பும் தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறியது. துறையில் இடம் இனி நம்முடையதுதான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. குமாஸ்தாவுக்கும் அப்படித்தான் நிறைந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, தூண்டிலை விட்டுவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டார். தோளுக்குப் போவதற்குள் தூண்டில் ஆற்றில் போய்விட்டது. நீந்திப் போய்த் தூண்டிலைக் கொண்டுவந்தேன், வெறும் முள்ளோடு. அவர் கரை ஏறும்போது சொன்னார்: "ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் கைய எடுத்தேன். அவரு மீனை எடுத்துக்கினாரு."

ஈரச் சாக்கு

காத்தவராயன் படகில் யாரும் வெறுங்கையோடு போனதில்லை. காரணம் படகின் பின்பக்கத்தில், ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தது. முதல் நாள் வலைக்காரரிடம் வாங்கி வைத்த கொடுவா. பிடிக்காதவருக்கு அதை எடுத்து, வாயில் முள்ளைச் செருகிக் கொடுத்துவிடுவார். வீட்டில் போய்ப் பிடித்தேன் என்று சொல்லலாம். ஊருக்கே தெரியும். மீன் கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

மேரியில், அதாவது நகராட்சி ஆபீஸில், வேலை பார்க்கிற ஒருவர் என் படகில் வந்தார். அன்று ராத்திரி மாமனாரை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார், கொடுவா என்று சொல்லியே. சாயங்காலம்வரை மூன்று கெளுத்திகள்தான் கிடைத்தன. தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்தப் படகுல சாக்குக்கடியில ஒண்ணு இருக்காமே?" "இருக்கு. ஆனா நீங்க பிடிச்சதா நான் சொல்ல மாட்டேன் முசியே" என்றேன். "ஒன்னை யாரு சொல்லச் சொன்னா? சும்மா இருந்தா போதும்." "சும்மா இருக்கவும் மாட்டேன்." நான் அவ்வளவு பேசியதை நானே எதிர்பார்க்கவில்லை. மூன்று கெளுத்தியை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு ஆள் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மாமனாரையே அழைத்துக்கொண்டு வந்தார். வெள்ளை மீசை, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. அவர் படகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மூணு மருமகனுங்க. 'இன்னிக்கு மீன் கெடைக்கல மாமா'ன்னு சொன்ன ஒரே ஆள் இவருதான். எந்தப் படகு இவரை இப்பிடிக் கெடுத்துச்சுன்னு பாக்க வந்தேன்."

அன்றைக்கும் கொடுவா மாட்டவில்லை. ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். இடுப்பைத் தாண்டுகிற வால்தான் வரவில்லை.

கடைசி ஞாயிறு

ஐப்பசி பிறந்தது. மேற்கே மேகம் கட்டிவிட்டது. அந்த ஞாயிறு ஆற்றின் நடுவே ஒரு கோடு மாதிரி செந்தண்ணீர் தெரிந்தது. மறுநாள் ஆறு முழுக்கச் சிவந்துவிடும். நாட்டாமை துறைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்தது சொல்தா ஐயா ஒருவர்தான். காத்தவராயன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார், "அஞ்சு வெரலு உள்ளவனாலேயே முடியல. ரெண்டு வெரலு இன்னா பண்ணும்?" சொல்தா ஐயா காதில் விழாத மாதிரி ஏறினார்.

ஆற்றுக்குள் வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். எத்தினியோ படகுல எனக்குக் கொடுவா மாட்டியிருக்கு. மாட்ன ஒடனே 'குடுங்க ஐயா, ஒங்களால முடியாது'ன்னு பிடுங்கி அவனுங்களே இழுத்துடுவானுங்க. இந்தக் கையால நான் இன்னும் ஒண்ணு பிடிச்சதில்ல. நீ தொடக் கூடாது." தொடமாட்டேன் என்றேன். தொட்டால் துறையில் இடம் மிஞ்சலாம் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது.

நாலு இடம் மாற்றினேன். எல்லா இடத்திலும் பொரிந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது இடம் செந்தண்ணீர்க் கோட்டின் ஓரம். காது வைத்தேன். பொரிந்தது, பொரிந்தது, நின்றது. கையை உயர்த்திக் காட்டினேன். அவர் உயிருள்ள மடவை மீன் குஞ்சை முள்ளில் கோத்து விட்டார்.

மாட்டியதும் நூல் சக்கரம் கிறீச்சிட்டது. தூண்டில் அடியை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் சுற்றினார். மீன் தண்ணீருக்கு மேலே துள்ளி விழுந்தது. நூல் தளர்ந்தால் முள்ளை உதறிவிடும். அவருக்குத் தூண்டில் நழுவியது, என் கை தானாகவே நீண்டது. அந்தக் கையால் கழியைப் பிடித்துக்கொண்டேன். கழியைப் பிடுங்கிப் படகை மீன் போகிற பக்கம் தள்ளினேன். அதுமட்டும்தான் என் வேலை. வலை கட்டிய குச்சிகள் பக்கம் அது ஓடியபோது குறுக்கே போனேன். படகுக்கு அடியில் புகுந்தபோது கை மறுபடியும் நீண்டது, மடக்கிக்கொண்டு சுற்றிவந்தேன். அவர் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. குனிந்து, அந்த இரண்டு விரல் கையின் கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடித்தார். இடது கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் படகுக்குள் போட்டார். போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

துறையில் நாட்டாமை எழுந்து வந்தார். சொல்தா ஐயா மீனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நின்றார். வால் இடுப்பைத் தாண்டி ஒரு சாண் இறங்கியிருந்தது. "இவன் இழுத்துக் குடுத்திருப்பான்" என்றார் காத்தவராயன். சொல்தா ஐயா அவரைப் பார்க்காமல் நாட்டாமையிடம் சொன்னார், "ரெண்டு தரம் இந்தத் தம்பி கை தூண்டில் வரைக்கும் வந்துச்சு, ரெண்டு தரமும் திரும்பிப் போச்சு. அத பாத்துக்கினேதான் இழுத்தேன்." நாட்டாமை "எடம் இவனோடதுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள், காத்தவராயன் கடைசியாக.

புஷ்புஷ் வண்டிக்காரர் மீனை வாங்கி வண்டியில் வைக்க வந்தார். சொல்தா ஐயா கொடுக்கவில்லை. "நீ முன்னாடி போ. டவுன் மொத்தமும் பாக்கட்டும், நான் நடந்து வரேன்" என்றார். வால் முதுகில் அடிக்க, சாலை திரும்புகிறவரை நடந்து போய் மறைந்தார்.

அடுத்தவர் மீன் பிடிக்கும்போது கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால் போதும், இந்தத் தொழிலில் முன்னுக்கு வந்துவிடலாம்.