குலைநோய்க்கு நான் போட்ட பந்தி

பயிர் நோய்களைப் பற்றிப் பட்டம் வாங்கியதும் எனக்குத் தலைக்கனம் ஏறியது உண்மை. எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அழகர்கோவில் பக்கம் அம்மா முதன்முதலாக ஒரு ஏக்கர் சொந்தமாக வாங்கியபோது, எந்த நெல் போடலாம் என்று என்னைத்தான் கேட்டாள். குலைநோயை எதிர்க்கும் ரகம் ஒன்றைச் சொன்னேன். இரண்டு வருடம் அமோகமாக விளைந்தது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் விதை கேட்டார்கள். எங்கள் துண்டு வயல்களுக்கு அறுவடை இயந்திரம் வரவேண்டுமென்றால் எல்லாம் ஒன்றாக விளைய வேண்டும். டீக்கடையில் நின்று பிரசங்கமே செய்தேன்: எல்லோரும் இதே நெல்லை, ஒரே வாரத்தில் போடுங்கள். ஊர் முழுக்க ஒரே ரகம் போடுவது நோய்க்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். ஊரே தலையாட்டியதில் அது மறந்துவிட்டது.

குலைநோய்ப் பூஞ்சை இலைக்குள் ஒரு புரதத்தைச் செலுத்தும். அதை வைத்துத்தான் இந்த ரகம் திருடனை அடையாளம் கண்டு, அவன் நுழைந்த இடத்தையே கருக்கி அவனைப் பட்டினி போடும். காற்றில் பறந்து வரும் கோடிக்கணக்கான பூஞ்சை வித்துகளில் ஏதோ ஒன்று அந்தப் புரதம் இல்லாமல் வந்து சேரும். போன கல்யாணத்தில் அழையாமல் சாப்பிட வந்து மாட்டியவன், அடுத்த கல்யாணத்தில் மீசையை எடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்ததுபோலத்தான். நானோ ஊரிலுள்ள எல்லா வாசலிலும் அந்த மீசையை மட்டுமே தெரிந்த ஆளை நிறுத்தியிருந்தேன்.

அடுத்த வருடம் தப்பித்தோம். அதற்கடுத்த மார்கழியில் கதிரின் கழுத்து கறுத்தது. மணி பிடித்த கதிர் தலை குனியும். எங்கள் கதிர்கள் வெளுத்துப்போய், என்னைப் போலவே நிமிர்ந்து நின்றன. மொத்தமும் பதர்.

இந்த வருசம் பனி சாஸ்தி என்றார்கள் ஊர்க்காரர்கள். ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. பனிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அம்மா வரப்பில் நின்று ஒரு கதிரைக் கசக்கி ஊதிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

"பனி இல்லம்மா. எல்லாரையும் ஒரே நெல்லு போடச் சொன்னேன்ல, அதான். அது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அம்மா உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"தெரியாதவ சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்க மாட்டேன்த்தா" என்றாள்.